ஆச்சாரியாரும் சர்க்கார் கஜானாவும்

ஸ்ரீ சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார் 1972ஆம் வருஷம் டிசம்பர் 25ந் தேதி சென்னையில் காலமானார். அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. வேதாரண்யம் உப்பு யாத்திரையின் தலைவர், மகாத்மாவின் சம்பந்தி, சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரல், பாரதக் கதையையும் ராமாயணக் கதையையும் எளிய தமிழில் எழுதியவர் என்று அவரை ஜனங்கள் நினைவு கூர்கிறார்கள். ஹிந்திப் பிரச்னையையும் கல்வித் திட்டத்தையும் சொல்லி அவரை ஏசுவோரும் இன்றுவரை உண்டு. சர்க்கார் பணத்தைப் பற்றி அவர் கொண்டிருந்த கொள்கையை மட்டும் இரு சாராரும் மறந்தேவிட்டனர். அவருடைய ஆயுளின் கடைசிப் பதின்மூன்று வருஷங்களை ஆட்கொண்டிருந்தது அந்தக் கொள்கைதான். முதுமையில் பழைய தோழர்களைப் பகைத்துக்கொண்டதும் பெரும்பாலும் அதன் பொருட்டே.

கொள்கை சிக்கலானதல்ல. சர்க்காரிடம் சொந்தப் பணம் என்று ஒரு காசும் கிடையாது. அது செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் எவனோ ஒரு பிரஜையின் மடியிலிருந்து வந்ததே. எடுப்பதானால் சட்டசபையில் எழுந்து நின்று, இன்ன காரியத்துக்கு இவ்வளவு வேண்டும், இன்னாரிடம் வாங்குகிறேன் என்று சொல்லி எடுக்கவேண்டும். கேளாமல் எடுப்பது, எந்தப் பெயரால் எடுத்தாலும், முறையல்ல. நோட்டு அச்சடித்துச் செலவிடுவதும் கேளாமல் எடுப்பதில் ஒரு வகையே என்பது ஆச்சாரியாருடைய தீர்மானம்.

அவர் 1878ஆம் வருஷம் டிசம்பர் 10ந் தேதி, அக்காலத்துச் சேலம் ஜில்லாவைச் சேர்ந்த தொரப்பள்ளியில் பிறந்தவர். தந்தையார் கிராம முன்சீப். சேலத்தில் பெயர் பெற்ற வக்கீலாக விளங்கி, 1917ல் அந்நகரசபைக்குத் தலைவரானார். பிறகு வக்கீல் தொழிலைத் துறந்து, 1925ல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை ஸ்தாபித்து, கதர் வேலையில் இறங்கினார். நூல் நூற்ற ஏழைப் பெண்ணுக்குக் கூலியாகச் சேரவேண்டிய அணாக்களை எண்ணிக் கொடுத்த அனுபவம் அவருக்கு அங்கே கிடைத்தது. குடியும் கடனும் ஒரு குடியானவனை எப்படி முழுகடிக்கின்றன என்பதையும் அங்கேதான் அவர் அருகிருந்து பார்த்தார்.

1937ஆம் வருஷம் ஜூலையில் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானபோது, நிதி இலாகாவையும் அவர் தம் கையிலேயே வைத்துக்கொண்டார். அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு அமுலுக்கு வந்தது. கலால் வருமானமோ மாகாண வருமானத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. அதை விட்டுக்கொடுக்கும் எந்த நிதி மந்திரியும் மூன்று வழிகளில் ஒன்றை நாடவேண்டும்: செலவைக் குறைக்கலாம், கடன் வாங்கலாம், வேறு வரி போடலாம். ஆச்சாரியார் செலவில் கையை இறுக்கிப் பிடித்தார். போதாததற்குப் புது வரி விதித்தார். 1939ஆம் வருஷத்துப் பொது விற்பனை வரிச் சட்டம் இவ்வாறு பிறந்ததே. இந்தியாவில் பொது விற்பனை வரி முதலில் விதிக்கப்பட்டது சென்னை மாகாணத்திலேதான். வியாபாரிகள் கூச்சலிட்டனர், எதிர்க்கட்சியினர் ஏழையின் தலையில் கை வைத்தார் என்றனர். ஏச்சு முழுவதையும் அவர் நேரில் நின்று வாங்கிக்கொண்டார். வரி போட்டவன் இன்னான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

1938ஆம் வருஷத்து விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். தாராளச் சந்தைக் கொள்கையினர் இதைக் கண்டு தயங்குவது நியாயமே. ஏனெனில், தனி மனிதர் இருவர் செய்துகொண்ட உடன்படிக்கையில் சர்க்கார் கையிட்ட சட்டம் அது. 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடனில், 1937 அக்டோபர் முதல் தேதிவரை நின்ற வட்டிப் பாக்கி முழுவதும் தள்ளுபடி. அசலைப் போல் இரு மடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்தது. 1930க்குப் பின் தானிய விலைகள் சரிந்து, நெல்லை விற்றுக் கடன் கட்ட முடியாமல் குடியானவர்கள் நிலத்தை இழந்துகொண்டிருந்த சமயம். கடன் கொடுத்தவர்களில் ஏழை விதவைகளும் இருந்தார்கள். அவர்களுக்கு இழைக்கப்பட்டது அநீதிதான் என்று நாம் கருதுகிறோம். ஆயினும் அந்தச் சட்டம் மசோதாவாக வந்தது. ஷரத்து ஷரத்தாக விவாதிக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவன் கோர்ட்டுக்குப் போகவும் முடிந்தது. பின்னாளில், ஒரு மசோதாவும் இல்லாமல், தேசத்தில் பணம் சேர்த்து வைத்திருந்த அத்தனை பேருடைய வரவையும் சர்க்கார் குறைக்கத் தொடங்கியபோது, கோர்ட்டுக்குப் போக யாராலும் முடியவில்லை.

அதன் முதல் பாடத்தை யுத்தம் கற்பித்தது. 1939 அக்டோபரில் காங்கிரஸ் மந்திரி சபைகள் விலகின. யுத்தச் செலவுக்காகப் பிரிட்டிஷ் சர்க்கார் இந்தியாவில் சரக்கு வாங்கிற்று. விலையை லண்டனில் பவுன் கணக்கில் பற்று எழுதி வைத்துக்கொண்டு, இங்கே நோட்டாகக் கொடுத்தது. 1939க்கும் 1945க்கும் இடையே புழக்கத்திலிருந்த நோட்டு ஏறத்தாழ ஆறு மடங்காயிற்று. சரக்கு ஆறு மடங்காகவில்லை. விலை ஏறிற்று, ஏறிய விலையை அடக்க விலைக் கட்டுப்பாடு வந்தது, கட்டுப்பாட்டால் சரக்கு பதுங்கிற்று, பதுங்கியதைப் பங்கிட ரேஷன் வந்தது. நோயை உண்டாக்கியவரே மருந்துக் கடையும் வைத்த கதை.

யுத்தம் முடிந்து ஏழு வருஷமாகியும் ரேஷன் போகவில்லை. தஞ்சாவூர் நெல் அடுத்த ஜில்லாவுக்குப் போக பெர்மிட் வேண்டும். சென்னைவாசி கார்டை நீட்டி, கொடுத்த அரிசியை வாங்கிக்கொள்ளவேண்டும். 1952 ஏப்ரலில் ஆச்சாரியார் மறுபடி முதல் மந்திரியானார். ஜூன் மாதத்திலேயே உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். அரிசி கிடைக்காமல் ஜனங்கள் தவிப்பார்கள் என்று உத்தியோகஸ்தர்கள் அஞ்சினர். டில்லியில் உணவு மந்திரியாயிருந்த ஸ்ரீ ரபி அகமது கித்வாய் துணை நின்றார். அஞ்சியது நடக்கவில்லை; பதுங்கியிருந்த நெல் சந்தைக்கு வந்தது. இரண்டு வருஷத்துக்குள் கித்வாய் தேசமெங்குமே கட்டுப்பாட்டைத் தளர்த்தினார். விலை என்பது ஒரு செய்தி. எங்கே அரிசி குறைவு, எங்கே மிகுதி என்பதை ஆயிரம் தாசில்தார்களைவிட விரைவில் அது வியாபாரிக்குத் தெரிவிக்கிறது. அதிகாரத்தில் இருக்கும்போதே அதிகாரத்தைக் குறைத்துக்கொண்ட முதல் மந்திரிகள் நம் தேசத்தில் மிகச் சிலர்.

இதே சிக்கனம் அவரை ஒரு பெரிய பிழையிலும் கொண்டுபோய்த் தள்ளிற்று. பள்ளிக்கூடங்கள் கட்டவும் உபாத்தியாயர்களை நியமிக்கவும் பணம் போதாது என்ற கணக்கில், 1953ல் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் தகப்பனார் தொழிலைப் பழகலாம் என்றார். பிறப்பால் தொழிலைக் கட்டுவித்த தேசத்தில் இந்த யோசனை எப்படிக் கேட்கும் என்பது அவ்வளவு கூரிய புத்திமானுக்குத் தெரியாமற் போனது விந்தையே. கிளர்ச்சி எழுந்தது, 1954ல் பதவி விலகினார், பின் வந்த ஸ்ரீ காமராஜ் திட்டத்தைக் கைவிட்டார். செலவைக் குறைக்கவேண்டுமானால் எங்கே முதலில் குறைப்பது என்ற கேள்விக்கு ஏழைக் குழந்தையின் பள்ளிக்கூடம் விடையாகாது.

அவர் பதவியை விட்ட மறு வருஷம், 1955 ஜனவரியில், இந்திய சர்க்காருக்கும் ரிசர்வ் பாங்கிக்கும் ஓர் ஏற்பாடு உண்டாயிற்று. அதைப் பற்றி வீதியில் யாரும் பேசவில்லை. சர்க்காரின் கணக்கில் வெள்ளிக்கிழமைதோறும் குறைந்தது 50 கோடி ரூபாய் இருக்கவேண்டும். குறைந்தால், குறைந்த அளவுக்குச் சர்க்கார் ஒரு கடன் பத்திரம் எழுதி ரிசர்வ் பாங்கியிடம் கொடுக்கும், பாங்கி பணத்தை வரவு வைக்கும். உச்ச வரம்பு கிடையாது. வாசகர்கள் இதைத் தம் வீட்டுக் கணக்காக எண்ணிப் பார்க்கவேண்டும். செட்டியார் கடையில் வாரந்தோறும் ஒரு சீட்டெழுதிக் கொடுத்தால் போதும், எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும் என்றால், எந்தக் குடும்பஸ்தன் செலவைக் குறைப்பான்? 1956ல் வேறொரு கட்டும் அவிழ்ந்தது. அதுவரை வெளியிட்ட நோட்டில் நூற்றுக்கு நாற்பது பங்குக்குத் தங்கமும் அன்னிய நாட்டுப் பத்திரமும் ஈடாக இருக்கவேண்டும் என்பது சட்டம். அது மாறி, 115 கோடிக்குத் தங்கமும் 400 கோடிக்கு அன்னியப் பத்திரமும் இருந்தால் போதும், நோட்டு எவ்வளவானாலும் ஆகுக என்றாயிற்று. மறு வருஷமே அன்னியச் செலாவணி கரைந்துபோக, இரண்டும் சேர்ந்து 200 கோடி போதும் என்று திருத்தினார்கள்.

எல்லாம் இரண்டாவது பஞ்சவருஷத் திட்டத்துக்காக. பொதுத் துறைச் செலவு 4,800 கோடி என்றும், அதில் 1,200 கோடி பற்றாக்குறை வழியாக என்றும் திட்டத்திலேயே எழுதியிருந்தது. நாலு ரூபாயில் ஒரு ரூபாய்க்கு வரவே இல்லை என்று பொருள். இது விலைவாசியைக் கிளப்பிவிடும் என்று, பொருளாதார நிபுணர் குழுவில் ஸ்ரீ பி. ஆர். ஷெனாய் ஒருவர்தான் 1955ல் தனி அபிப்பிராயம் எழுதி வைத்தார். திட்ட காலமான ஐந்து வருஷத்தில் மொத்த விலைகள் சுமார் 30 சதவிகிதம் ஏறின. 1956ல் மாதம் நூறு ரூபாய் பென்ஷன் வாங்கியவர், 1961லும் அதே நூறு ரூபாய் வாங்கினார். அதற்கு வந்த சாமான் பழைய கணக்கில் 77 ரூபாய்ச் சாமான். மீதி 23 ரூபாயை யார் எடுத்தது? எந்தப் பட்ஜெட் பிரசங்கத்திலும் அந்த வரியின் பெயர் இல்லை.

மயிலாப்பூருக்கு இது சொல்லித் தெரியவேண்டியதல்ல. பென்ஷன்காரர்களும், கணவன் விட்டுச்சென்ற சிறு தொகையின் வட்டியில் காலம் தள்ளும் ஸ்திரீகளும் நிறைந்த இடம் அது. 1872ல் ஏற்பட்ட மயிலாப்பூர் ஹிந்து பெர்மனென்ட் பண்டு அவர்களுடைய சேமிப்பால் வளர்ந்ததே. 1906 அக்டோபரில் அர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது அம்மாதிரிக் குடும்பங்கள் பல ஒரே நாளில் நடுத்தெருவுக்கு வந்தன. அந்த வழக்கில் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்றார். சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறை சென்றார். மறு வருஷம் இந்தியன் பாங்கி பிறந்தது. முறிந்த கம்பெனிக்கு ஒரு முதலாளி இருந்தான், அவனைக் கூண்டில் ஏற்ற முடிந்தது. ரூபாய் மெல்ல மெல்ல முறியும்போது எவனைக் கூண்டில் ஏற்றுவது?

ஆச்சாரியார் அப்பொழுது தியாகராய நகர் பஸ்லுல்லா ரோடில் வசித்தார். (ஜஸ்டிஸ் கட்சித் தலைவர் ஸர். பி. தியாகராயச் செட்டியார் பெயரால் அமைந்த நகரில் காங்கிரஸ் மாகாணத்தின் முதல் பிரதம மந்திரி முதுமையைக் கழித்தது சென்னைக்கே உரிய வேடிக்கை.) எண்பது வயது. ஓய்வெடுத்துக்கொண்டு உபநிஷத்து விசாரம் செய்திருக்கலாம். அவரோ வாரந்தோறும் ஆங்கிலத்தில் ஸ்வராஜ்யா பத்திரிகையிலும், தமிழில் கல்கியிலும் எழுதினார். பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்று அவர் இட்ட பெயர் தேசமெங்கும் நிலைத்துவிட்டது. 1957ல் செல்வ வரி, செலவு வரி இரண்டையும் கொண்டுவந்த நிதி மந்திரி ஸ்ரீ டி. டி. கிருஷ்ணமாச்சாரியும் சென்னைக்காரரே, ஆழ்வார்ப்பேட்டையின் பழைய மௌப்ரேஸ் ரோடு இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. ஜனங்களின் ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் பணம் 1956ல் சர்க்கார் வசமாயிற்று. அடுத்த வருஷமே அதில் ஒரு கோடிக்கு மேல் முந்திரா என்னும் வியாபாரியின் கம்பெனிப் பங்குகளில் போடப்பட்டது. நீதிபதி சாக்ளாவின் விசாரணைக்குப் பின் 1958ல் நிதி மந்திரி விலகினார். பிறர் சேமிப்பைச் சர்க்கார் கையில் குவித்தால் என்ன நேரும் என்பதற்கு ஆச்சாரியார் வேறு சாட்சி தேடவேண்டியிருக்கவில்லை.

1959 ஜனவரியில் நாகபுரிக் காங்கிரஸ் கூட்டுப் பண்ணைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. அந்த ஜூன் மாதம் 4ந் தேதி, சென்னையில் சுதந்திரா கட்சி அறிவிக்கப்பட்டது. மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரி மண்டபத்தில் கூட்டம். ஸ்ரீ என். ஜி. ரங்கா தலைவர்; ஸ்ரீ மினு மசானி காரியதரிசி. ஐம்பது வருஷம் தேசத்துக்கு உழைத்த கிழவர், தாமே வளர்த்த காங்கிரஸுக்கு எதிராக, தம் நண்பர் நேருவுக்கு எதிராக, கட்சி தொடங்கினார்.

எதிர்ப்பக்கத்தின் வாதமும் எளிதில் தள்ளக்கூடியதல்ல. எஃகு ஆலை கட்டத் தனி முதலாளிகளிடம் அன்று பணம் இருந்ததா? பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையும், கிண்டித் தொழிற்பேட்டையும், அடையாற்றுக்கு அருகே 1959ல் தோன்றிய தொழில்நுட்பக் கழகமும் சர்க்கார் செலவில் வந்தவைதாமே? வந்தவைதாம், அவற்றால் பிழைத்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கு. ஆச்சாரியாரின் வழக்கு அதுவல்ல. கட்டுவதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதே அவர் கேள்வி. வரியிலிருந்தும் ஜனங்கள் மனமுவந்து கொடுத்த கடனிலிருந்தும் வருமளவுக்குக் கட்டுங்கள். மேலே வேண்டுமென்றால் பிறரைக் கட்டவிடுங்கள், லைசென்ஸ் என்று கழுத்தைப் பிடிக்காதீர்கள் என்றார்.

கட்சி 1962ல் லோக்சபையில் 18 ஸ்தானங்களும், 1967ல் 44 ஸ்தானங்களும் பெற்றது. ஆனால் அதில் சேர்ந்தவர்களில் பலர் மகாராஜாக்கள், ஜமீன்தார்கள். அவர்களுக்குச் சர்க்கார் சிக்கனத்தைவிடத் தங்கள் மானியத்தில் அக்கறை அதிகம். ஏழைச் சேமிப்பாளனுக்காகப் பேசிய தலைவருக்குப் பின்னே அரண்மனைக் கார்கள் நின்றது அவருடைய வழக்கைக் கெடுத்ததென்றே சொல்லவேண்டும்.

இதற்கிடையில் ஜனங்கள் தங்கள் வழியில் தீர்ப்பளித்துக்கொண்டிருந்தார்கள். கரையும் ரூபாயை வைத்துக்கொள்ளாமல் தங்கத்தில் மாற்றினார்கள். 1963 ஜனவரியில் டில்லி சர்க்கார் தங்கக் கட்டுப்பாடு கொண்டுவந்து, 14 காரட்டுக்கு மேற்பட்ட புது நகை செய்யலாகாதென்றது. பொற்கொல்லர்கள் வேலையிழந்தனர், சிலர் உயிரையும் விட்டனர். தாலி எத்தனை காரட் என்று டில்லி தீர்மானிக்கப் புகுந்தது, ரூபாயின் மேல் ஜனங்களுக்கு நம்பிக்கை போய்விட்டது என்று சர்க்காரே ஒப்புக்கொண்டது போலாயிற்று. 1966 ஜூனில் டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்தது 7.50 ஆயிற்று.

1967 தேர்தல் அரிசித் தட்டுப்பாட்டுக்கும் விலை ஏற்றத்துக்கும் இடையே நடந்தது. காங்கிரஸை வீழ்த்த ஆச்சாரியார் ஸ்ரீ அண்ணாதுரையின் கட்சியுடன் கைகோத்தார்; மாகாண சட்டசபையில் சுதந்திராவுக்கு 20 இடங்கள். விசித்திரம் என்னவெனில், அந்தக் கூட்டணியின் வெற்றிக்கு உதவிய பெரிய வாக்குறுதி ரூபாய்க்குப் படியரிசி. மந்திரிசபை அமைந்ததும் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் ஒரு படி வீதம் கொடுத்தார்கள். நஷ்டத்தைக் கஜானா ஏற்றது. வாழ்நாளெல்லாம் கஜானாவைக் காத்தவர், காங்கிரஸை ஒழிக்கும் ஆவேசத்தில், அதன் சாவியை வேறொரு தாராளக் கையில் கொடுத்துவிட்டார். 1971 ஆகஸ்டில் வருமானத்தை முன்னிட்டு மதுவிலக்கும் நிறுத்தி வைக்கப்பட்டது. 92 வயதுக் கிழவர் முதல் மந்திரி ஸ்ரீ கருணாநிதியை நேரில் கண்டு வேண்டாமென்று மன்றாடினார். பயனில்லை. மறு வருஷம் அவர் மறைந்தார்.

1974-75ல் மொத்த விலைகள் 25 சதவிகிதம் ஏறின. வறட்சியும் எண்ணெய் விலையும் பங்கு கொண்டது மெய்யே. சுதந்திரா கட்சி 1974லேயே வேறு கட்சியில் கரைந்தது. 1991ல் ரிசர்வ் பாங்கியின் தங்கத்தில் 47 டன் லண்டனுக்கு அடகாகப் போயிற்று. அதன் பிறகுதான் வெள்ளிக்கிழமைச் சீட்டுக்கு முடிவு வந்தது: ஸ்ரீ சி. ரங்கராஜன் ரிசர்வ் பாங்கி கவர்னராயிருக்கையில் 1994ல் ஒப்பந்தமாகி, 1997 மார்ச் 31ந் தேதியோடு அந்தப் பத்திரங்கள் ஒழிந்தன. பற்றாக்குறைக்கு வரம்பு கட்டும் சட்டங்கள் 2003ல் டில்லியிலும் சென்னையிலும் நிறைவேறின.

மதுவை விட்டதால் நேர்ந்த நஷ்டத்தை ஈடுகட்ட 1939ல் பிறந்த விற்பனை வரி, மது திரும்பி வந்தபோது போகவில்லை. 2017ல் சரக்கு சேவை வரியில் கலந்தது. 2003 முதல் சில்லறை மதுக்கடைகளையும் சர்க்கார் கழகமே நடத்துகிறது. அவற்றால் கஜானாவுக்கு வந்தது 2023-24ல் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இரு வரவும் இருந்தும், 2025 மார்ச் கடைசியில் தமிழ்நாட்டின் கடன் 8.33 லட்சம் கோடி ரூபாயாக இருக்குமென்று 2024-25 பட்ஜெட்டில் மதிப்பிட்டிருந்தார்கள். கைக்குழந்தையையும் சேர்த்து எண்ணினால் தலைக்கு ஒரு லட்சத்துக்குச் சற்று மேல்.